அலர்ட் வரவில்லை என்றால் நிம்மதியா, கோளாறா?

கேள்வி: எங்கள் எஸ்ஓசி-யில் (பாதுகாப்புக் கண்காணிப்பு மையம்) நான்கு பேர். லாக்குகளைத் திரட்டி அலர்ட் தரும் சீம் மென்பொருளின் கன்சோலில் 240 ரூல்கள் ஓடுகின்றன. அதில் ஒன்று மூன்று வாரமாக அலர்ட்டே தரவில்லை என்பது தற்செயலாகத்தான் தெரிந்தது. யாரோ அதில் ஒரு விலக்கை (இன்னதற்கு அலர்ட் வேண்டாம் என்ற நிபந்தனை) சேர்த்திருக்கிறார்; யார், எதற்கு என்று தெரியவில்லை. எல்லாவற்றையும், கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட்டுக்கு (Git) மாற்றச் சொல்கிறார் மேலாளர். எங்களில் புரோகிராமர் யாரும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கிட்டுக்குப் போனால் யார், எப்போது, எதை மாற்றினார் என்பது தெரிந்துவிடும். ஆனால் அது பாதிக் காரியம்தான். உங்கள் ரூல் ஊமையாகிப் போனதல்லவா, அதைக் கிட் தானாகக் கண்டுபிடிக்காது. தாக்குதல் இல்லாததால் அலர்ட் வரவில்லையா, ரூல் செத்துப்போனதாலா என்பதைக் கன்சோலும் சொல்லாது. சோதனைதான் சொல்லும். எனவே 240-ஐயும் ஒரே மூச்சில் தூக்காதீர்கள். நடுராத்திரியில் அடித்தால் எழுந்து ஓட வேண்டிய ரூல்கள் எவை? அப்படிப் பத்தை எடுங்கள்.

எழுதுவதற்குச் சிக்மா போதும். புளோரியன் ராத், தாமஸ் பாட்ஸ்கே இருவரும் தொடங்கிய, ரூல் எழுதுவதற்கான பொது வடிவம் அது. ரூலை ஒரு யாமல் கோப்பில் (எளிய உரைக் கோப்பு வகை) எழுதினால், ஸ்ப்ளங்க், எலாஸ்டிக் போன்ற சீம்களின் தேடல் மொழிக்குச் சிக்மா சிஎல்ஐ என்ற கருவி மாற்றித் தரும். புரோகிராமிங் தெரிய வேண்டியதில்லை. வரியின் முன் இடைவெளி பிசகாமல் எழுதினால் சரி.

ஒரு ரூலைப் பிரித்துப் பார்ப்போம். ரான்சம்வேர் கும்பல்கள் கோப்புகளைப் பூட்டும் வேளையில் விண்டோஸின் ஷாடோ காப்பிகளை (கோப்புகளை மீட்க உதவும் நகல்கள்) அழிப்பது வழக்கம். தாக்குதல் உத்திகளின் பட்டியலான மைட்டர் அட்டாக்கில் இதன் எண் டி1490. அந்த நகல்களைக் கையாளும் விஎஸ்எஸ்அட்மின் கட்டளையில் 'டெலீட்', 'ஷாடோஸ்' இரண்டும் இருந்தால் அலர்ட் என்று எழுதுகிறீர்கள். இரண்டு சொல்லையும் 'கன்டெயின்ஸ்' என்பதன் கீழ் பட்டியலாகப் போட்டால், இரண்டில் ஏதாவது ஒன்று இருந்தாலே சிக்மாவுக்குப் போதும். 'கன்டெயின்ஸ்' பக்கத்தில் 'ஆல்' சேர்த்தால்தான் இரண்டும் கட்டாயம். அதை மறந்தால், பேக்கப் ஸ்கிரிப்ட் தினமும் 'லிஸ்ட் ஷாடோஸ்' ஓடவிடும்போதெல்லாம் அலர்ட் கொட்டும். தொல்லை தாங்காமல் யாரோ ஒருவர் அவசரமாக ஒரு விலக்கைச் சேர்ப்பார். உங்கள் கதையும் அநேகமாக இப்படித்தான் ஆரம்பித்திருக்கும்!

அதனால் ஒவ்வொரு ரூல் கோப்புக்குப் பக்கத்திலும் இரண்டு மாதிரி லாக் வையுங்கள்: பிடிக்க வேண்டியது ஒன்று, பிடிக்கக் கூடாதது ஒன்று. புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் விண்ணப்பம்) வரும்போதெல்லாம் பைப்லைன், அதாவது கிட்டோடு இணைந்த தானியங்கிச் சோதனை, இரண்டையும் ஓட்டட்டும். ஒன்று பிசகினாலும் மெர்ஜ் கிடையாது, மாற்றம் சேராது. மாதிரி லாகில் உண்மையான பயனர் பெயர், ஐபி எதுவும் இருக்கக் கூடாது.

இதுவும் போதாது என்பேன். ஒரு புரோகிராம் தொடங்கும்போது பதிவாகும் விண்டோஸின் 4688 நிகழ்வில் கட்டளை வரி இயல்பாகப் பதிவாகாது. குரூப் பாலிசியில் அதைத் தனியாக இயக்க வேண்டும். மைக்ரோசாஃப்டின் இன்னொரு லாக் கருவியான சிஸ்மானில் 'இமேஜ்' என்று வரும் புலம் 4688-இல் 'நியூ பிராசஸ் நேம்' என்று வரும். இவற்றில் எது தவறினாலும் மாதிரி லாக் சோதனை பச்சை காட்டும், நிஜத்தில் ரூல் வாயே திறக்காது. வாரம் ஒருமுறை, தூக்கிப் போட்டாலும் கவலையில்லாத ஒரு சோதனை மெஷினில் தாக்குதலைப் போலச் செய்து காட்டும் அட்டாமிக் ரெட் டீம் தொகுப்பின் டி1490 சோதனையை ஓட்டி, சீமில் அலர்ட் வந்து விழுகிறதா என்று பாருங்கள்.

விலக்குகளைத் தனிக் கோப்பில் வையுங்கள்: காரணம், கேட்டவர், காலாவதி தேதி. தேதி கடந்ததும் பைப்லைன் சிவப்பு காட்டட்டும். கன்சோலில் எழுதும் உரிமையைப் பைப்லைனின் சர்வீஸ் அக்கவுண்ட்டுக்கு (ஆளுக்கல்ல, நிரலுக்கான கணக்கு) மட்டும் கொடுங்கள். அவசரத்துக்கு ஓர் அட்மின் கணக்கு இருக்கலாம். அந்தக் கணக்கில் யாராவது கை வைத்தாரா என்று இரவுதோறும் கிட்டையும் சீமையும் ஒப்பிடும் ஒரு சின்ன வேலையை ஓடவிடுங்கள். சர்வீஸ் அக்கவுண்ட்டின் சாவி கிடைத்தால் திருடன் 240 ரூல்களையும் அணைத்துவிடுவான். எனவே அந்தச் சாவி ரெப்போவுக்குள் (கிட்டில் உங்கள் கோப்புகள் இருக்கும் இடம்) இருக்கக் கூடாது. தன் மாற்றத்தைத் தானே அப்ரூவ் செய்யவும் யாருக்கும் அனுமதி இல்லை.

முதல் பத்தில் அந்த மூன்று வார ரூலும் இருக்கட்டும். இன்றைக்கே விலக்கை எடுத்துவிட்டு, அந்த மூன்று வார லாக் மீது அதை மறுபடி ஓட்டிப் பாருங்கள்.