எங்கள் ஊர் இளைஞர் மன்றம் மே 31 அன்று புகையிலை எதிர்ப்புப் பேரணி நடத்தப்போகிறது. இதைப் பார்த்து யாராவது பீடி, சிகரெட்டை விடுவார்களா?

பேரணியைப் பார்த்துப் பீடியை விட்டவர் யாரையும் எனக்குத் தெரியாது. ஊர்க்காரர்கள் துணை நின்றதால் விட்டவரைத் தெரியும். என் அப்பா. அதனால்தான் உங்கள் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

பத்துப் பதினைந்து பேர் சேர்ந்திருப்பீர்கள், பேனருக்குக் காசு பிரித்திருப்பீர்கள். உங்கள் நல்ல மனதை நான் குறை சொல்லவில்லை.

எங்களுக்கு ஆலங்குளம் பக்கம். வீட்டுக்கு வீடு பீடி சுற்றும் ஊர். அம்மா முப்பது வருடம் சுற்றினார். அப்பா கொத்தனார், ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி. சின்ன வயதில் "ஏல, கடைக்குப் போயி ஒரு பீடி பத்த வச்சிட்டு வா" என்று என்னைத்தான் அனுப்புவார். கடை வாசலில் தேங்காய் நார்க்கயிறு தொங்கும், நுனியில் கங்கு. அதில் பற்ற வைத்தால் வீடு வரும் வரை அணையாமல் இருக்க வழியில் இரண்டு இழுப்பு இழுத்தே ஆக வேண்டும். எனக்கு அப்போது பத்து வயது. யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. பிறகு கல்லூரி முடியும் வரை நானும் குடித்தேன்.

2019இல் அப்பாவுக்கு இருமல் நிற்கவே இல்லை. சளிப் பரிசோதனையில் காசநோய் இல்லை என்று வந்தது. பீடியை விடாமல் மருந்து மட்டும் சாப்பிட்டுப் பிரயோஜனம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு முன் மூன்று தடவை விட்டுப் பார்த்தவர்தான். ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள். காலை ஆறு மணிக்கு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் டீயோடு பீடியும் வந்துவிடும், இரண்டும் பற்று நோட்டில் ஏறிவிடும். அந்த பெஞ்சில் இருந்துகொண்டு ஒருவர் தனியாக எப்படி விடுவார்?

ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவரும் நாங்கள் மூன்று பேரும் கடைக்கார அண்ணாச்சியிடம் போய்ப் பேசினோம். விட நினைக்கிறவர்கள் பெயர் கொடுப்பார்கள், அவர்களே கேட்டாலும் கடனுக்கோ காசுக்கோ பீடி கொடுக்கக் கூடாது. அண்ணாச்சி முதலில் சம்மதிக்கவில்லை. "பீடி இல்லன்னா டீக்கும் வர மாட்டாவ, தம்பி." வாத்தியார் தினமும் காலையில் அங்கேயே வந்து உட்கார்ந்து அவர்களோடு டீ குடிப்பதாகச் சொன்ன பிறகுதான் ஒத்துக்கொண்டார். ஏழு பேர் பெயர் கொடுத்தார்கள். நோட்டில் அந்த ஏழு பெயருக்கு நேராகவும் அண்ணாச்சி சிவப்பு மையில் "பீடி கிடையாது" என்று எழுதி வைத்தார். அப்பா பெயர் மூன்றாவது.

மூன்றாம் நாள் ராத்திரி சோற்றுத் தட்டைத் தூக்கி எறிந்தார். அம்மா ஒன்றும் பேசாமல் பொறுக்கினார். முதல் சில நாட்கள்தான் உடம்பு ரொம்பப் படுத்தும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. மறுநாள் 1800-11-2356க்குக் கூப்பிட்டோம். புகையிலையை நிறுத்த உதவும் இலவச எண், 2018 செப்டம்பரிலிருந்து புகையிலைப் பாக்கெட்டுகளிலேயே அச்சடிக்கிறார்கள். ஒரு அம்மா தமிழிலேயே பேசினார். ஆசை வந்தால் சில நிமிஷத்தில் தணிந்துவிடும், அதுவரை தண்ணீர் குடியுங்கள், எழுந்து நடங்கள் என்றார். பிறகு அவர்களாகவே திரும்பக் கூப்பிட்டு விசாரித்தார்கள். எங்கள் பேச்சைக் கேட்காத மனுஷன் அவருக்கு மட்டும் "சரிம்மா, சரிம்மா" என்பார்.

பீடி ஆசையைத் தணிக்க மெல்லும் நிகோடின் கம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சாதாரண சூயிங்கம் மாதிரி மென்றுகொண்டே இருந்தால் விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும். காரம் தெரியும் வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். அப்பா முதல் இரண்டு நாள் தப்பாக மென்றுவிட்டு, இது ஆகாது என்று தூக்கிப் போடப் பார்த்தார்.

ஒரு வருடம் கழித்து ஏழில் நான்கு பேர் நிலைத்தார்கள். நாலு பேர்தானா என்று கேட்பீர்கள். அந்த நாலு வீட்டில் போய்க் கேளுங்கள். மன உறுதி இருந்தால் தானாக விடலாம் என்று எழுத வருபவர்களுக்கும் சொல்கிறேன்: மூன்று தடவை தோற்றபோதும் அதே மனுஷன், அதே மனம்தான். நான்காவது தடவை கடையும் வாத்தியாரும் சேர்ந்துகொண்டார்கள்.

பிள்ளைகள் விஷயத்திலும் கடையில்தான் தொடங்கினோம். யார் அனுப்பினாலும் சிறுவர் கையில் பீடி கொடுப்பதில்லை என்று இரண்டு கடைகள் ஒத்துக்கொண்டன. 2003 புகையிலைச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே விற்கவே கூடாது, பள்ளிக்கூடத்திலிருந்து 100 கஜத்துக்குள்ளும் கூடாது. அபராதம் 200 ரூபாய் வரைதான் என்பதால் அதை வைத்து மிரட்டினால் வேலைக்கு ஆகாது. டேப்பை வைத்து அளந்து காட்டிப் பக்குவமாகப் பேசினோம்.

பீடி சுற்றிய காசில் படித்தவன் இதைப் பேசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. என் அம்மா ஆயிரம் பீடி சுற்றிக் கொண்டுபோனால், சரியில்லை என்று ஏஜெண்ட் ஒரு பங்கைக் கழிப்பார். கழித்த பீடிக்குக் கூலி கிடையாது, பீடியும் திரும்ப வராது. இலையைக் குறைத்துக் கொடுப்பார், அம்மா கைக்காசு போட்டு வாங்கி ஈடுகட்டுவார். தூள் பறந்து அம்மாவுக்கும் இருமல். பீடித் தொழிலாளர் நல நிதிக்காகப் பீடி மேல் வசூலித்த தீர்வையை 2017இல் எடுத்துவிட்டார்கள். வேறு வேலைக்கு யாரும் வழி காட்டவில்லை. இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் இதைச் சொல்லாமல் எனக்குப் புகையிலையைப் பற்றிப் பேச வராது.

பேரணி நடத்துவதானால் நடத்துங்கள். அதற்கு முன்னால் ஒரு வாரம் டீக்கடையில் போய் உட்காருங்கள். எங்கள் ஊரிலும் ஒரு தடவை பேரணி வந்தது. "பீடி உயிரைக் குடிக்கும்" என்ற அட்டையை ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் கொடுத்திருந்தார்கள். எங்கள் தெருவுக்குள் வந்தபோது அவன் அம்மா திண்ணையில் மடியில் தட்டோடு உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தாள். அவன் அட்டையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி போனான். பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளை கையில் தயவுசெய்து அந்த அட்டையைக் கொடுக்காதீர்கள்.