மழை நன்றாகப் பெய்யும் ஆண்டிலேயே வறட்சிக்குத் தயாராகுங்கள்

கேள்வி: எங்கள் உழவர் குழுவில் 50 குடும்பங்கள் இருக்கிறோம். பெரும்பாலும் மானாவாரி, கொஞ்சம் கிணற்றுப் பாசனம். வறட்சி மேலாண்மைப் பயிற்சிக்கு இரண்டு மூன்று முறை போய் வந்துவிட்டோம். ஆனால் மழை தவறியதும் அவரவர் பாட்டுக்கு போர் (ஆழ்துளைக் கிணறு) போடுவதும் மாட்டை விற்பதுமாகச் சிதறிவிடுகிறோம். தலைவருக்கு வயதாகிவிட்டது. அடுத்துப் பொறுப்பேற்க யாரும் முன்வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: இரண்டு பிரச்சினைகளைச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அவை ஒன்றாகவே தெரிகின்றன. மூடாக்கு (சருகு, வைக்கோலால் மண்ணை மூடுவது), கோடை உழவு, பண்ணைக்குட்டை, குறுகிய கால ரகம் என்று பயிற்சியில் நீங்கள் கற்றதெல்லாம் ஒருவர் தன் வயலில் தனியாகச் செய்துகொள்ளக்கூடியவை. அவையும் வேண்டும்தான். ஆனால் ஐம்பது குடும்பங்களும் உட்கார்ந்து ஒரு முடிவெடுத்து, அதன்படி நடப்பதை யாரும் உங்களுக்குப் பழக்கவில்லை. வறட்சி வந்த பிறகு பழகவும் முடியாது. கடனும் பயமும் கழுத்தைப் பிடிக்கும் நேரத்தில் ஒருவர் பேச்சை இன்னொருவர் கேட்பது கடினம். ஓரளவு மழை பெய்யும் ஆண்டிலேயே தொடங்கிவிடுங்கள்.

தொடங்குவதற்கு நல்ல இடம் அளப்பது. ஒரு மழைமானி வாங்குங்கள். மரமும் கட்டடமும் மறைக்காத வெட்டவெளியில் வைத்து, தினமும் காலையில் ஒரே நேரத்தில் அளவெடுங்கள். 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர், ஒரு ஹெக்டேரில் 10,000 லிட்டர். இந்த ஒரு கணக்கு கைவந்தாலே பேச்சு மாறிவிடும். அப்புறம் ஐந்தாறு கிணறுகளைத் தேர்ந்தெடுங்கள். கயிற்றில் எடை கட்டி, கிணற்று விளிம்பில் எப்போதும் ஒரே குறியிலிருந்து, மோட்டார் போடுவதற்கு முன் விடியற்காலையில் நீர்மட்டத்தை அளங்கள். மோட்டார் ஓடிய பிறகு எடுத்தால் அந்த எண்ணை நம்ப முடியாது. எடுத்த அளவுகளை நோட்டில் பூட்டி வைக்காமல், எல்லோரும் நடக்கும் இடத்தில் ஒரு சுவரில் எழுதுங்கள்.

ஆந்திரத்தில் வறட்சி மிகுந்த 7 மாவட்டங்களில், உழவர்களே நிலத்தடி நீரை நிர்வகிக்கும் திட்டம் ஒன்று 2000-களில் நடந்தது. அங்கே மழையையும் கிணற்று மட்டத்தையும் உழவர்கள் அளந்தார்கள். பருவமழை முடிந்ததும் கூடி, கையில் எவ்வளவு நீர் இருக்கிறது, போட நினைத்திருக்கும் பயிர்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். இந்தப் பயிரைத்தான் போட வேண்டும் என்று யாரும் உத்தரவிடவில்லை. ஊர்க் கணக்கைக் கண்ணால் பார்த்த பிறகு பலர் தாங்களே மாறினார்கள். சோளத்துக்கு ஒரு பருவத்தில் சுமார் 450 முதல் 650 மி.மீ. நீர் வேண்டும், கரும்புக்கு 1,500 முதல் 2,500 மி.மீ. ஒருவர் கரும்பு போட்டால் பக்கத்துக் கிணறுகளுக்கு என்ன ஆகும் என்பதை அந்தச் சுவரே சொல்லிவிடும். சண்டையில்லாமல் பேச அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

மகாராஷ்டிரத்தின் ஹிவரே பஜார் இன்னும் ஒரு படி மேலே போனது. பாசனத்துக்கு போர் போடக் கூடாது என்று கிராமமே விதி வைத்துக்கொண்டது. தடுப்பணையும் குட்டையும் கட்டுகிற பல இடங்கள் இங்கேதான் தவறுகின்றன. சேமித்த நீரை எப்படிப் பங்கிடுவது என்று பேசாமல் சேமித்தால், ஆழமாகத் துளைத்தவர்தான் அதை எடுத்துக்கொள்வார். கட்டுமானத்துக்கு முன் விதி வரட்டும்.

கணக்கு பழகியதும், பருவம் தொடங்கும் முன்பே சில எல்லைக்கோடுகளை எழுதிவையுங்கள். இந்தத் தேதிக்குள் இத்தனை மி.மீ. பெய்யாவிட்டால் நீண்ட காலப் பயிரைக் கைவிட்டுக் குறுகிய காலப் பயிருக்குப் போவோம். இந்தக் கிணறு இந்த மட்டத்துக்கு இறங்கினால் பாசன முறையைச் சுருக்குவோம், கூட்டாகத் தீவனம் வாங்குவோம். மாட்டை விற்கத்தான் வேண்டும் என்றால் முன்னதாகவே விற்க வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் சந்தைக்கு ஓட்டிப் போகும்போது மாடும் மெலிந்திருக்கும், விலையும் விழுந்திருக்கும். நிதானமாக இருக்கும்போது எடுத்த முடிவு எழுத்தில் இருந்தால், நெருக்கடியில் "யார் சொல்வது?" என்ற கேள்விக்கே இடமிருக்காது.

சரி, தலைவர் விஷயம். அடுத்த தலைவர் யார் என்று கேட்டால் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். மழைக் கணக்கு யார் எடுப்பது என்று கேட்டுப் பாருங்கள், கை தூக்குவார்கள். மழைக் கணக்கு, விதை இருப்பு, தீவனம், வரவு செலவு, அலுவலகங்களோடு பேசுவது, தகராறு தீர்ப்பது என்று பொறுப்புகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இருவரை வையுங்கள். ஒருவர் அனுபவசாலி, ஒருவர் இளையவர். இரண்டு பருவம் கழிந்ததும் மாற்றுங்கள். தண்ணீர் சுமப்பதும் கால்நடை பார்ப்பதும் பெரும்பாலும் பெண்கள் என்பதால், பஞ்சத்தின் முதல் அறிகுறி அவர்கள் கண்ணில்தான் படும். அவர்கள் வர முடியாத நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு, பெண்கள் முன்வருவதில்லை என்று சொல்லாதீர்கள். நிலமில்லாத கூலித் தொழிலாளர்களையும் கூப்பிடுங்கள். விதைப்பு நின்றால் முதலில் வருமானம் போவது அவர்களுக்குத்தான்.

தகராறு தீர்க்கும் பொறுப்பைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். பொதுவளங்களை மக்கள் தாங்களே நிர்வகிப்பதை ஆராய்ந்து 2009-ல் பொருளாதார நோபல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், நீண்ட காலம் நிலைத்த பாசனக் குழுக்களில் சில பொது அம்சங்களைக் கண்டார். பயன்படுத்துபவர்களே விதி வகுக்கிறார்கள். கண்காணிப்பவர் அவர்களுக்கே பதில் சொல்கிறார். முதல் மீறலுக்குச் சிறிய தண்டனைதான், திரும்பத் திரும்ப மீறினால் கூடும். வழக்கை அதிகச் செலவில்லாமல் உள்ளூரிலேயே தீர்த்துக்கொள்கிறார்கள். உங்கள் விதிகளை இந்த நான்கோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி பயிற்சிக்கு யாராவது அழைத்தால், ஒருநாள் உரைக்குப் பதிலாக உழவர் வயல்வெளிப் பள்ளி கேளுங்கள். 1989-ல் இந்தோனேசியாவில் நெற்பயிர்ப் பூச்சி மேலாண்மைக்காகத் தொடங்கிய முறை இது. ஏறக்குறைய 25 பேர் ஒரு பருவம் முழுக்க வாரந்தோறும் வயலில் கூடி, பார்த்து, விவாதித்து, முடிவெடுப்பார்கள். கூட்டத்தை நடத்தும் பழக்கமும் அங்கேயே வந்துவிடும். முடிந்தால் விதைப்புக்கு முன் ஒரு மாலை ஒத்திகை பாருங்கள்: நான்காவது வாரத்தோடு மழை நின்றுவிட்டது, இப்போது யார் என்ன செய்வார்? எந்தப் பொறுப்பில் ஆளில்லை என்பது அன்றே தெரிந்துவிடும்.

வீடு வீடாகப் போய் வரவும் இருவர் இருக்கட்டும். வறட்சிக் காலத்தில் கடன்பட்டவர் முதலில் கூட்டத்துக்கு வருவதை நிறுத்துவார், அப்புறம் பேசுவதையும் நிறுத்துவார். அவர் வாசலுக்கு யாராவது போக வேண்டும். தேவைப்பட்டால் மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும்.

உங்கள் பெரியவரை ஒதுக்கிவிடாதீர்கள். அவர் பார்த்த வறட்சிகளில் எந்தக் கிணறு முதலில் வற்றியது, எது கடைசி வரை ஊறியது, எந்த விதை தாக்குப்பிடித்தது என்று அவரோடு உட்கார்ந்து கேட்டு, இளையவர் ஒருவர் எழுதட்டும். அளக்க வேண்டிய கிணறுகளை அந்தப் பட்டியலைப் பார்த்தே தேர்ந்தெடுக்கலாம்.