வீடியோ விட்டு விட்டு ஓடுகிறதா? ஹார்ட் டிஸ்க் கேள்வி பதில்

கேள்வி: ஹார்ட் டிஸ்கில் உள்ள 4கே படம் திணறுகிறது. பழைய படங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேகமான டிஸ்க் வாங்கட்டுமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். அந்த ஒரு ஃபைலை மட்டும் எஸ்எஸ்டிக்குக் காப்பி செய்து ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் திணறினால் டிஸ்க் மேல் குற்றமில்லை. மிகக் கனமான 4கே படத்துக்கே நொடிக்கு 16 எம்பி போதும். பழைய யூஎஸ்பி 2.0 போர்ட்டிலேயே சுமார் 30 எம்பி வந்துவிடும். உங்கள் படம் எச்இவிசி 10 பிட் என்ற முறையில் சுருக்கப்பட்டதாக இருக்கலாம். அதை முழுதாக டிகோட் செய்யும் (சுருக்கியதை விரித்துப் படமாக்கும்) வசதி இன்டெல் ப்ராசஸர்களில் 7ஆம் தலைமுறையில்தான் வந்தது. படம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். சிபியூ உச்சத்திலும் ஜிபியூவின் வீடியோ டிகோட் கோடு தரையிலும் கிடந்தால் சிக்கல் அங்கேதான். பிளேயரில் ஹார்ட்வேர் டிகோடிங்கை ஆன் செய்யுங்கள்.

கேள்வி: எஸ்எஸ்டியில் சீராக ஓடுகிறது, டிஸ்கில்தான் தடங்கல்.

பதில்: முதலில் கேபிளை மாற்றுங்கள். ஹப் வழியாகச் செருகியிருந்தால் நேராகக் கம்ப்யூட்டரில் செருகுங்கள். ஹப்பிலிருந்து வரும் மின்சாரம் பல டிஸ்குகளுக்குப் போதாது. டிஸ்கின் நலம் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் சி7 என்ற எண் (டேட்டா கடத்தும் வழியில் வந்த பிழைகளின் கணக்கு) நாளுக்கு நாள் ஏறினால் கேபிளையோ இணைப்பையோதான் சந்தேகிக்க வேண்டும். பின்னணியில் டவுன்லோடோ வைரஸ் ஸ்கேனோ ஓடுகிறதா என்றும் பாருங்கள். டிஸ்கைப் படிக்கும் முனைகளான ஹெட்டுகள் எல்லாம் ஒரே கையில் சேர்ந்து நகர்பவை. இரண்டு வேலைக்கு நடுவில் அலைந்தால் படம்தான் காத்திருக்கும்.

கேள்வி: விஎல்சி பிளேயரில் கேச் (முன்கூட்டியே படித்துவைக்கும் அளவு) கூட்டினால் சரியாகுமா?

பதில்: சின்னத் தடங்கலுக்கு உதவும். ஃபைல் கேச்சிங்கை 2000 மில்லிசெகண்ட் வைத்துப் பாருங்கள். டிகோடிங் சிக்கலுக்கு இதனால் பயனில்லை.

கேள்வி: ஒவ்வொரு தடவையும் 42ஆவது நிமிடத்தில் படம் உறைந்து, டிஸ்கிலிருந்து 'டக்... டக்' என்று சத்தம் வருகிறது. விண்டோஸின் பழுதுபார்க்கும் கருவியான செக்டிஸ்க் போடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். இப்போதைக்கு அந்தப் படத்தையும் ஓட்டாதீர்கள். ஒரே இடத்தில் உறைவது டிஸ்கின் அந்தச் சிறு பகுதி (செக்டார்) படிக்க வராததன் அடையாளம். டிஸ்க் அதையே திரும்பத் திரும்பப் படிக்க முயல்கிறது. அந்த நொடிகள்தான் உங்களுக்கு உறைந்த காட்சியாகத் தெரிகின்றன. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் சி5 எண் (படிக்க வராமல் நிற்கும் செக்டார்களின் கணக்கு) பூஜ்யத்தைத் தாண்டியிருக்கிறதா பாருங்கள். செக்டிஸ்க் கெட்ட செக்டார்களைத் தேடும்போது டிஸ்க் முழுவதையும் படிக்கவைக்கும், எழுதவும் செய்யும். தள்ளாடும் டிஸ்க் அதிலேயே படுத்துவிடலாம். முதலில் குடும்பப் படங்கள், சொந்த ஆவணங்கள் என்று திரும்பக் கிடைக்காதவற்றை வேறு டிஸ்குக்கு மாற்றுங்கள். சினிமா கடைசியில் போகட்டும். ஏதாவது ஃபைல் சிக்கினால் அதோடு மல்லுக்கட்டாமல் அடுத்ததற்குப் போய்விடுங்கள். நான் ஒருமுறை ஒரு படத்தை எப்படியாவது எடுத்துவிட வேண்டும் என்று இரவெல்லாம் அதோடு போராடினேன். விடிவதற்குள், அதுவரை நன்றாக இருந்த போட்டோ ஃபோல்டரும் திறக்காமல் போனது. அந்த வருத்தம் உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி (அவரே): காப்பி முடிந்தது. இரண்டு வீடியோ வரவில்லை, ஒன்று எங்கள் கல்யாண வீடியோ.

பதில்: டிஸ்கைக் கழற்றி வையுங்கள். சத்தம் தொடர்ந்தால் தரவு மீட்பவர்களிடம் கொடுங்கள், வீட்டில் முயல வேண்டாம். சத்தம் இல்லையென்றால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவி கொண்டு முழு டிஸ்கையும் இமேஜ் (அப்படியே ஒரு நகல்) எடுக்கலாம். அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகுதான் திரும்பி வரும். நடுவில் சில நொடிகள் போனாலும் மீதி வீடியோ பெரும்பாலும் ஓடும்.