குச்சி மனிதனை ஓட வைப்பது எப்படி?

கேள்வி: வியாசர்பாடியில் ஒரு தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். ஓடுகிறான், தூக்குகிறாள் போன்ற சொற்களுக்குக் கரும்பலகையில் குச்சி உருவம் வரைந்து காட்டுவேன். எதை வரைந்தாலும் விறைப்பாகவே இருக்கிறது. பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் “நிக்கிறான் டீச்சர்” என்கிறார்கள். ஓவிய வகுப்புக்குப் போக நேரமில்லை. வேறு வழி உண்டா? இன்னொன்று: என் நாலு வயது மகள் தலையிலிருந்தே கால் வரைகிறாள். திருத்தலாமா?

பதில்: வழி உண்டு, டீச்சர். நீங்கள் வரையும் வரிசையை மாற்றினாலே போதும். பெரும்பாலும் நாம் ஒரு வட்டம் போட்டு, அதன் கீழே ஸ்கேல் வைத்தது போல ஒரு கோடு இழுத்துவிடுகிறோம். அந்தக் கோடுதான் முதுகு. முதுகு நிமிர்ந்துவிட்டால், அப்புறம் கையையும் காலையும் எப்படி மடக்கினாலும் ஆள் நின்றுகொண்டுதான் இருப்பான். அதனால் முதுகை முதலில் வரையுங்கள். செய்யும் வேலைக்கு ஏற்ப அதைச் சாய்த்தோ வளைத்தோ போடுங்கள். தலை அதற்கப்புறம் வரட்டும்.

இதைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள மெரினாவின் உழைப்பாளர் சிலையை விட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-ல் நிறுவப்பட்டது. பாறையை நகர்த்தப் போராடும் நான்கு பேர். தசைகளையெல்லாம் மறந்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் தலையிலிருந்து ஊன்றிய கால் வரை ஒரே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். நாலே கோட்டில் உழைப்பு தெரியும். நான் மாணவர்களை அங்கே உட்கார வைத்து இதை மட்டும்தான் வரையச் சொல்வேன்.

அடுத்தது எடை. இடது இடுப்பில் தண்ணீர்க் குடம் வைத்து நடக்கும் பெண்ணை உங்கள் தெருவிலேயே கவனியுங்கள். இடுப்பு குடத்தின் பக்கம் தள்ளி நிற்கும். மேலுடம்பு வலது பக்கம் சாயும். சும்மா இருக்கும் வலது கை உடம்பை விட்டு விலகி வீசும். குடத்தின் பாரத்தை ஈடுகட்டத்தான் உடம்பு இப்படி வளைகிறது. நேரான கோட்டின் பக்கத்தில் ஒரு குடத்தை ஒட்டினால் அது ஒட்டியது போலவே தெரியும். கோட்டை வளைத்துப் போட்டால் குடம் நிறையத் தண்ணீர் இருப்பது பிள்ளைகளுக்கே புரிந்துவிடும். ஆளின் எடையும் சுமையின் எடையும் சேர்ந்து பாதங்களுக்கு மேலே நிற்க வேண்டும் என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கை வேண்டுமென்றே உடைத்து, தலையைப் பாதங்களை விட்டு வெகுதூரம் வெளியே தள்ளினால் ‘விழுகிறான்’ என்ற சொல்லுக்குப் படம் கிடைத்துவிடும்.

ஓடுபவனுக்கு முதுகு முன்பக்கம் சாய வேண்டும். வலது கால் முன்னே போனால் இடது கைதான் முன்னே வரும். ஒரே பக்கத்துக் கையும் காலும் சேர்ந்து முன்னே வந்துவிட்டால் படத்தில் ஏதோ இடறும், என்னவென்று சொல்லத் தெரியாது. முழங்கையையும் முழங்காலையும் மறக்காதீர்கள். கை இரண்டு துண்டு, கால் இரண்டு துண்டு, ஏறக்குறைய சம நீளம். பாதத்துக்குக் கீழே கொஞ்சம் இடைவெளி விட்டுத் தரையில் ஒரு சின்னக் கோடு போட்டால் ஆள் காற்றில் இருப்பான்.

அளவு பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். வளர்ந்த ஆளின் உயரம் நிஜத்தில் ஏழு, ஏழரைத் தலை அளவு இருக்கும். பலகையில் தலையைப் பெரிதாக்கி ஐந்து தலை வைத்தால் கடைசி வரிசைக்கும் தெரியும். சின்னப் பிள்ளைக்கு நாலு போதும். பலரும் காலைக் குட்டையாக்கிவிடுகிறார்கள். பெரியவர்களுக்கு மொத்த உயரத்தில் ஏறக்குறைய பாதி கால்தான்.

முகம் வரைந்து நேரத்தைச் செலவழிக்காதீர்கள். வட்டத்தின் ஓரத்தில் மூக்குக்கு ஒரு சின்னப் புடைப்பு வைத்தால் எந்தப் பக்கம் பார்க்கிறான் என்று தெரிந்துவிடும். சாக்பீஸை மணிக்கட்டால் திருப்பாமல் தோளிலிருந்து கையை வீசி இழுங்கள், கோடு நடுங்காது.

பயிற்சிக்குத் தனி நேரம் தேவையில்லை. பஸ்ஸிலோ தாம்பரம் ரயிலிலோ போகும்போது, கம்பியைப் பிடித்துத் தொங்குபவர், மூட்டை மேல் உட்கார்ந்து தூங்குபவர், குனிந்து செருப்பைத் தேடுபவர் என்று ஆளுக்கு ஒரு முதுகுக் கோடு மட்டும் டிக்கெட்டின் பின்புறம் போட்டுப் பாருங்கள். கை காலை வீட்டில் வந்து சேர்த்துக்கொள்ளலாம்.

மகளைத் திருத்தவே வேண்டாம். மூன்று, நாலு வயதில் பெரும்பாலான குழந்தைகள் அப்படித்தான் வரைவார்கள். தலைப்பிரட்டை மனிதன் என்று இதற்குப் பெயரே உண்டு. “இது யாரு? என்ன பண்றாங்க?” என்று மட்டும் கேளுங்கள். அவளே கதை சொல்வாள். உடம்பு கொஞ்ச நாளில் தானாக வந்து சேரும்.