கேம் ஆடும்போது கிராபிக்ஸ் கார்டு படுத்துவிட்டால்: கேள்வி பதில்

கேட்பவர்கள் ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்: எப்படி நின்றது? கேம் மட்டும் மூடி டெஸ்க்டாப் வந்ததா, திரை கறுத்து சத்தம் மட்டும் ஓடியதா, கம்ப்யூட்டரே அணைந்ததா? மூன்றும் வேறு வேறு நோய். கார்டின் மாடலை விட எனக்கு இதுதான் முக்கியம்.

கேள்வி: அண்ணா, ஆர்டிஎக்ஸ் 3060. அரை மணி நேரம் ஆடினதும் திரை ரெண்டு மூணு செகண்ட் கறுப்பாகித் திரும்ப வருது, கேம் மூடிடுது. ஈவென்ட் வியூவர்ல 4101, டிஸ்ப்ளே டிரைவர் பதில் தரலைன்னு இருக்கு. விண்டோஸை ரெண்டு தடவை புதுசா போட்டாச்சு. ரிஜிஸ்ட்ரில டிடிஆர் டிலேயைக் கூட்டச் சொல்றாங்க, கூட்டலாமா?

பதில்: வேண்டாம். கார்டிடம் கொடுத்த வேலை 2 விநாடிக்குள் நகரவில்லை என்றால் விண்டோஸ் டிரைவரை நிறுத்தி மறுபடி எழுப்பும். அதுதான் டிடிஆர். 4101 என்பது அது நடந்ததற்கான பதிவு, காரணம் அதில் இருக்காது. 2-ஐ 8 ஆக்கினால் 8 விநாடி உறைந்து நின்றுவிட்டுப் பிறகு விழும், அவ்வளவுதான். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் நீண்ட ரெண்டர் ஓட்டுபவர்களுக்கு அந்த மாற்றம் உதவலாம்.

நெட்டைத் துண்டித்துவிட்டு சேஃப் மோடில் டிடியூ என்ற டிரைவர் நீக்கும் மென்பொருள் மூலம் டிரைவரைச் சுத்தமாக நீக்குங்கள். நெட் இருந்தால் விண்டோஸ் அப்டேட் இடையில் புகுந்து தானே ஒரு டிரைவரைப் போட்டுவிடும். பிறகு புதிய டிரைவர் ஒன்று, சில மாதம் முந்தையது ஒன்று, இரண்டையும் சோதியுங்கள். இரண்டிலும் விழுந்தால் கார்டின் வேகத்தை மாற்றும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கோர் கிளாக்கை −100 மெகாஹெர்ட்ஸ் வைத்து, அதே கேமை அதே இடத்தில் ஆடுங்கள்.

கேள்வி (அவரே): −100 வச்சு மூணு மணி நேரம் ஆடினேன், விழவே இல்லை. இப்படியே விட்டுடலாமா?

பதில்: வாரண்டி இருந்தால் விடாதீர்கள். கம்பெனி அமைத்துக் கொடுத்த வேகத்தில் கார்டு விழாமல் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் அது குறைபாடுள்ள கார்டு. இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டு அங்கேயும் விழுவதைக் காட்டினால் சர்வீஸ் சென்டரில் வாதாட்டம் குறையும். வாரண்டி முடிந்திருந்தால் −100 உடனே வாழலாம், இழப்பது சில பிரேம்கள்தான். 2020 செப்டம்பரில் 3080 வந்த புதிதில் இதே கதைதான்: 2000 மெகாஹெர்ட்ஸை ஒட்டி பூஸ்ட் ஏறும்போது பலருக்கு கேம் விழுந்தது. புது டிரைவர் வந்த பிறகு பெரும்பாலானோருக்கு அடங்கியது.

கேள்வி: சார், 3070 கார்டு, 600 விஏ யூபிஎஸ். பெரிய சண்டைக் காட்சி வந்தா மொத்தமும் டப்புன்னு அணைஞ்சுடுது. கெர்னல் பவர் 41னு காட்டுது. கார்டு போச்சா?

பதில்: கார்டை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். 41 என்றால் முறையாக ஷட் டவுன் ஆகவில்லை என்று மட்டுமே பொருள். 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். 3070 மட்டுமே 220 வாட். அதோடு பிராசசர், மானிட்டர், ஃபேன்கள். போதாதென்று இந்தக் கார்டுகள் சில மில்லிவிநாடிக்கு அந்த 220-ஐ வெகுவாகத் தாண்டி இழுக்கும். காட்சி திடீரென்று கனமாகும் நொடியில் அணைவது அதனால்தான்.

அடுத்த முறை அணையும்போது மானிட்டரின் விளக்கைப் பாருங்கள். அதுவும் யூபிஎஸ்ஸில்தானே இருக்கிறது? விளக்கும் சேர்ந்து போனால் யூபிஎஸ் கைவிட்டது. விளக்கு எரிந்து 'நோ சிக்னல்' வந்தால் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி) தன்னைக் காத்துக்கொள்ள நிறுத்திக்கொண்டது என்று சந்தேகிக்கலாம். அப்படி நின்ற எஸ்எம்பிஎஸ் பல நேரம் பின்பக்க ஸ்விட்சை அணைத்துச் சற்றுப் பொறுத்துப் போட்டால்தான் உயிர்பெறும்.

ஒரு நாள் நேரடியாகச் சுவர் பிளக்கில் மாட்டி ஆடுங்கள். அணையாமல் ஓடினால் 1000 விஏவுக்கு மேல், குறைந்தது 600 வாட் என்று எழுதிய யூபிஎஸ் வாங்குங்கள். விஏவைப் பார்த்து ஏமாறாமல் வாட்டைப் பாருங்கள். அப்போதும் அணைந்தால் எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள். 3070-க்கு என்விடியா சொல்வது 650 வாட். கார்டில் இரண்டு 8 பின் இருந்தால் இரண்டு தனிக் கேபிள் போடுங்கள். ஒரே கேபிளின் நுனியில் தொங்கும் இரட்டைத் தலையை நம்ப வேண்டாம். முக்கியமாக, பழைய மாடுலர் (கேபிளைக் கழற்றி மாட்டக்கூடிய) எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைப் புதியதில் செருகாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பொருந்தி உட்காரும், ஆனால் தவறான மின்சாரம் போய் பொருள் கருகும்.

கேள்வி: 4080-ல 16 ஜிபி இருக்கு, ஆனா அன்ரியல் இன்ஜின் கேம்கள் தொடங்கும்போதே 'அவுட் ஆஃப் வீடியோ மெமரி'ன்னு மூடிக்குது. பிராசசர் 14900கே. கார்டை மாத்தச் சொல்லிக் கேட்கட்டுமா?

பதில்: கார்டு மேல் பழி போடும் பிழைகளில் இதுதான் ஆகப் பெரியது. ஷேடர் (காட்சியை வரையும் சிறு நிரல்) தயாரிக்கும் கட்டத்தில் சுருக்கி வைத்த தரவை விரிப்பது பிராசசர். அது தப்பாக விரித்தால் கேம் குழம்பிப் போய் வீடியோ மெமரி இல்லை என்கிறது. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் அதிக வோல்டேஜால் தேய்ந்தது இதற்குப் பின்னால் இருக்கும் காரணம். என்விடியா டிரைவரை நிறுவும்போது ஃபைல் விரிக்க முடியாமல் நிற்கிறதா? பெரிய ஜிப் ஃபைலில் சிஆர்சி பிழை (தரவு கெட்டுவிட்டது என்ற செய்தி) வருகிறதா? இரண்டும் அதே அறிகுறி.

பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) பி கோர் ரேஷியோவை, அதாவது பிராசசரின் முக்கிய கோர்களின் வேகப் பெருக்கியை, 53-க்கு இறக்கி கேமைத் திறங்கள். பிழை மறைந்தால் பிராசசர்தான். இன்டெல் 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மைக்ரோகோட் (பிராசசருக்குள் ஓடும் நிரல்) திருத்தங்கள் வெளியிட்டது. புது பயாஸ் போட்டு இன்டெல் டிஃபால்ட் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே தேய்ந்த சிப்பை அது குணமாக்காது. பெட்டியோடு வாங்கிய சிப்களுக்கு வாரண்டியை 3-லிருந்து 5 ஆண்டாக நீட்டியிருக்கிறார்கள். மாற்றிக் கேட்க வேண்டியது கார்டை அல்ல, சிப்பைத்தான்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் ஆர்எக்ஸ் 580. திரை முழுக்க பச்சைக் கட்டம் கட்டமா வருது, அப்புறம் ஹேங். ஹீட் கன் வச்சா சரியாகும்னு கடைக்காரர் சொல்றார்.

பதில்: கம்ப்யூட்டரைப் போட்டதும் பயாஸ் திரையிலேயே கட்டம் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். அங்கேயே தெரிந்தால் மெமரி சிப்போ சால்டரோ போய்விட்டது; எந்த டிரைவரும் உதவாது. ஹீட் கன் சில நாள் ஓட்டும், பிறகு மறுபடி அதேதான். அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

கேமில் மட்டும் வந்தால் நம்பிக்கை உண்டு. கிரிப்டோ மைனிங்கில் ஓடிய 580-களில் மெமரி டைமிங்கை மாற்றிய பயாஸை (கார்டுக்குள் இருக்கும் அதன் சொந்த நிரல்) எழுதியிருப்பார்கள். கார்டின் மேல் விளிம்பில் சிறிய ஸ்விட்ச் இருந்தால், கம்ப்யூட்டரை அணைத்து அதை மறுபக்கம் தள்ளிப் பாருங்கள். இரண்டாவது பயாஸ் கைபடாமல் இருக்கலாம்.

கேள்வி: 3080, வெப்பம் 72 தான் காட்டுது, ஆனா கேம் திக்கித் திக்கி ஓடி நின்னுடுது.

பதில்: அந்த 72 கோரின் வெப்பம். எச்டபிள்யூ இன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் மெமரி ஜங்ஷன் (மெமரியின் வெப்பம்) என்ற வரியைப் பாருங்கள். உங்கள் கார்டின் மெமரியான ஜிடிடிஆர்6எக்ஸ் 110 டிகிரியைத் தொட்டால் கார்டு தன் வேகத்தைக் குறைக்கும். தெர்மல் பேட் (மெமரியின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் மெத்தை) மாற்றுவதானால் உங்கள் மாடலுக்கான தடிமன் எது என்று உறுதி செய்துவிட்டு வாங்குங்கள். அரை மில்லிமீட்டர் கூடினாலும் ஹீட்சிங்க் கோரில் படியாமல் தூக்கி நிற்கும். மெமரி குளிரும், கோர் கொதிக்கும்.

கேள்வி: தூசிக்கு புளோயர் அடிக்கலாமா?

பதில்: அடிக்கலாம். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள், சுழல விட்டால் பேரிங் கெடும்.

கேள்வி: கார்டை ரைசர் கேபிள்ல செங்குத்தா வச்சிருக்கேன். ஈவென்ட் வியூவர் முழுக்க டபிள்யூஹெச்இஏ 17, அப்பப்போ கறுப்புத் திரை.

பதில்: டபிள்யூஹெச்இஏ 17 என்பது வன்பொருள் பிழை ஒன்று வந்து திருத்தப்பட்டதற்கான பதிவு. ரைசர் (கார்டை ஸ்லாட்டோடு இணைக்கும் நீட்டிப்புக் கேபிள்) பிசிஐஇ இணைப்பின் 3-ஆம் தலைமுறை வேகமான ஜென் 3-க்கானது, கார்டு ஜென் 4-ல் ஓட முயல்கிறது என்று தோன்றுகிறது. பயாஸில் அந்த ஸ்லாட்டை ஜென் 3 என்று பூட்டுங்கள். பதிவு நின்றால் ரைசர்தான் காரணம். ஜென் 3-லேயே ஆடலாம், பெரிய வித்தியாசம் தெரியாது.

கேள்வி: 4090 வாங்கப் போறேன். கனெக்டர் உருகுதுன்னு பயமா இருக்கு.

பதில்: 2022-ல் வந்த அந்த 12 வோல்ட் பிளக் முழுசாக உள்ளே போகாதபோது உருகிய சம்பவங்கள் அதிகம். சில பின்கள் சரியாகத் தொடாமல் போனால் மற்ற பின்கள் வழியே அளவுக்கு மீறி கரண்ட் பாயும். பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே இடைவெளி தெரியாதவரை அழுத்துங்கள், பிறகு லேசாக இழுத்துப் பாருங்கள். தலையிலிருந்து 35 மில்லிமீட்டர் தள்ளித்தான் கேபிளை வளைக்க வேண்டும். கேபினெட்டின் கண்ணாடிக் கதவு கேபிளை அழுத்தினால் கதவை மாட்டாமல் ஆடுங்கள், அல்லது அகலமான கேபினெட்டுக்கு மாறுங்கள்.