ஊர் விட்டு ஊர் போகும் பணம்: உள்நாட்டுச் சுற்றுலா பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: வெளிநாட்டுப் பயணி வந்தால் அன்னியச் செலாவணி வருகிறது, அது புரிகிறது. சொந்த நாட்டுக்காரரே ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போய்ச் செலவழித்தால், வலது பையில் இருந்த பணம் இடது பைக்குப் போகிறது, அவ்வளவுதானே? இதில் நாட்டுக்கு என்ன லாபம்?

பதில்: கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிடுவோம். உள்நாட்டுப் பயணிகள் செலவழித்த தொகை முழுவதையும் பொருளாதாரத்துக்குப் புதிதாகக் கிடைத்த வரவாகக் காட்டுவது தவறு.

சரியாகப் பார்க்க வேண்டுமென்றால், அந்தக் குடும்பம் பயணமே போகாமல் இருந்திருந்தால் பணம் என்ன ஆகியிருக்கும் என்று கேட்க வேண்டும். சொந்த ஊரிலேயே உணவகத்துக்கோ திரையரங்குக்கோ போயிருக்கும் என்றால், நாட்டின் மொத்தக் கணக்கில் பெரிய மாற்றம் இல்லை. இறக்குமதியான ஒரு கைப்பேசிக்குப் போயிருக்கும் என்றால், அதில் பெரும்பகுதி எல்லை தாண்டிவிடும். வெளிநாட்டுப் பயணத்துக்குப் போயிருக்கும் என்றால், ஏறக்குறைய முழுவதுமே தாண்டிவிடும். கைவிடப்பட்ட ஒரு வெளிநாட்டுப் பயணம் மிச்சப்படுத்தும் அன்னியச் செலாவணி, அதே தொகையைச் செலவழிக்கும் ஒரு வெளிநாட்டுப் பயணி கொண்டுவருவதற்குச் சமம். செலவே ஆகாமல் சேமிப்பில் கிடந்திருக்கும் என்றால், பதில் காலத்தைப் பொறுத்தது. வியாபாரம் படுத்திருக்கும் நேரத்தில் அந்தச் செலவு உதவும். தொழிலெல்லாம் முழு வேகத்தில் ஓடும் நேரத்தில் விலையைத்தான் ஏற்றும்.

இதைவிடப் பெரிய விஷயம், பணம் எங்கே போய்ச் சேருகிறது என்பது. வருமானம் பெருநகரங்களில் குவிகிறது. மலையடிவாரத்துக்கும் கடலோரக் கிராமத்துக்கும் தொழிற்சாலை வருவதில்லை. ஆனால் அருவியைப் பெயர்த்து நகரத்துக்குக் கொண்டுபோய் விற்கவும் முடியாது, வாங்குகிறவர்தான் தேடி வர வேண்டும். வரி வசூலித்து, திட்டம் போட்டு, பின்தங்கிய பகுதிக்கு அனுப்ப வேண்டிய பணம், இங்கே பயணியின் கையோடு தானாகவே வந்துவிடுகிறது. வலது பையிலிருந்து இடது பைக்குத்தான் போகிறது என்றாலும், இடது பை பல காலமாகக் காலியாக இருந்த பை.

அளவையும் பாருங்கள். 2018-இல் உலகம் முழுக்க ஏறத்தாழ 900 கோடி உள்நாட்டுப் பயணங்கள் நடந்ததாக ஐ.நா. சுற்றுலா அமைப்பு கணக்கிட்டது. அதே ஆண்டின் பன்னாட்டு வருகைகள் சுமார் 140 கோடிதான். ஓ.இ.சி.டி. என்ற, பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட அமைப்பின் உறுப்பு நாடுகளில் சுற்றுலாச் செலவில் நான்கில் மூன்று பங்கு உள்நாட்டுக்காரர்களுடையது. 2020-இல் பெருந்தொற்றால் பன்னாட்டு வருகைகள் 70 சதவீதத்துக்கும் மேல் சரிந்தன. அப்போது விடுதிகளுக்கு மிஞ்சிய வாடிக்கையாளர் பெரும்பாலும் சொந்த நாட்டுக்காரரே.

கேள்வி: உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போய் இரண்டு நாள் தங்குவதும் சுற்றுலாக் கணக்கில் வருமா?

பதில்: வரும். மருத்துவத்துக்கு, கோயிலுக்கு, அலுவலகக் கூட்டத்துக்குப் போவதும் வரும். 2008-இல் ஐ.நா. ஏற்ற சுற்றுலாப் புள்ளிவிவரப் பரிந்துரைகளின்படி, ஒருவர் தான் அன்றாடம் புழங்கும் வட்டாரத்தை விட்டு, ஓராண்டுக்குக் குறைவான காலத்துக்கு, போகிற ஊரில் இருக்கும் நிறுவனத்தில் வேலை பார்ப்பதைத் தவிர வேறு எந்த முக்கிய நோக்கத்துக்காகப் போனாலும் அவர் வருகையாளர். ஓர் இரவாவது தங்கினால் சுற்றுலாப் பயணி. தங்காமல் திரும்பினால் ஒருநாள் வருகையாளர். தினமும் வேலைக்குப் போய்வருவதும் வாரம் தவறாமல் சந்தைக்குப் போவதும் சேராது.

உறவினர் வீட்டில் தங்குகிறவர் விடுதிப் பதிவேட்டில் ஏறுவதே இல்லை. அறை நிரம்பிய கணக்கை மட்டும் வைத்து உள்நாட்டுச் சுற்றுலாவை அளந்தால் இவர்கள் அத்தனை பேரும் விடுபட்டுப்போவார்கள். வீடு வீடாகக் கேட்கும் கணக்கெடுப்பு அதனால்தான் தேவைப்படுகிறது. அதற்கும் ஒரு குறை உண்டு. நீண்ட பயணங்கள் நினைவில் நிற்கும், ஒருநாள் பயணங்கள் மறந்துபோகும். ஓராண்டுப் பயணங்களைக் கேட்பதைவிடக் கடந்த ஒரு மாதத்தை மட்டும் கேட்பது நம்பகமானது.

கேள்வி: “சுற்றுலாவில் செலவாகும் ஒவ்வொரு 100-ம் ஊருக்கு 160 ஆகப் பெருகுகிறது” என்று ஓர் அறிக்கையில் படித்தேன். வேறோர் அறிக்கையில் 80 என்று இருக்கிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டும் ஒரே தரவிலிருந்து வந்திருக்கக்கூடும். காகிதத்தில் போட்டுப் பார்ப்போம்.

ஒரு பயணி சிறிய ஊரொன்றின் விடுதியில் 100 செலவழிக்கிறார். அதில் 50 உடனே வெளியேறிவிடுகிறது: வெளியூரிலிருந்து வாங்கிய சரக்கு, வரி, முன்பதிவுத் தளத்துக்குக் கமிஷன், வேறு நகரத்தில் இருக்கும் உரிமையாளரின் லாபம். இதற்குக் கசிவு என்று பெயர். மீதி 50 உள்ளூர்க்காரர்களுக்கு வருமானமாகிறது. அவர்கள் அதைச் செலவழிக்கும்போது 40 சதவீதம், அதாவது 20, மறுபடி உள்ளூர் வருமானம் ஆகிறது. அடுத்த சுற்றில் 8, அதற்கடுத்து 3.2. இப்படியே தேய்ந்து, எல்லாம் சேர்ந்து சுமார் 83. ஆக, 100 செலவுக்கு 83 வருமானம். செலவு எத்தனை மடங்கு வருமானமாகிறது என்று சொல்லும் இந்த எண்ணுக்குப் பெருக்கி என்று பெயர். இங்கே அது 0.83.

இதே 83-ஐ முதல் சுற்று வருமானமான 50-ஆல் வகுத்தால் 1.67 வரும். அதுவும் ‘பெருக்கி’ என்றே அழைக்கப்படுகிறது. 1.67-ஐ 50-ஆல் பெருக்க வேண்டும். மொத்தச் செலவான 100-ஆல் பெருக்கினால் 167 என்று பொய்யான விடை வரும். ஓர் ஊரின் குடிநீர்த் திட்டமும் சாலையும் இந்த எண்ணை நம்பித் தீர்மானிக்கப்படலாம் என்பதால் இதைச் சின்னத் தவறாக விட்டுவிடக் கூடாது. அறிக்கையைப் படிக்கும்போது மூன்றைத் தேடுங்கள். பெருக்கப்பட்டது விற்றுமுதலா (மொத்த விற்பனையா), வருமானமா? எதால் பெருக்கினார்கள்? எந்தப் பரப்புக்குப் போட்ட பெருக்கி? நாடு முழுமைக்கும் போட்ட பெருக்கி சிறிய ஊருக்குப் பொருந்தாது. ஊர் சிறுக்கச் சிறுக்க, வாங்குவதில் கூடுதல் பங்கு வெளியிலிருந்து வரும், கசிவும் கூடும்.

இந்தக் கணக்குகள் பலவற்றுக்கு அடிப்படை, எந்தத் தொழில் எந்தத் தொழிலிடம் எவ்வளவு வாங்குகிறது என்று காட்டும் உள்ளீடு-வெளியீட்டு அட்டவணை. அது 1973-இல் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் வாசிலி லியோன்டிஃபின் பங்களிப்பு. வேலைக்கு ஆட்களும் தங்க இடமும் சும்மா கிடக்கின்றன, விலை மாறாது என்று அந்த அட்டவணை வைத்துக்கொள்கிறது. அறைகள் எல்லாம் நிரம்பிய விடுமுறை நாளில் இன்னும் நூறு பேர் வந்தால் வருமானம் அட்டவணை சொல்கிறபடி பெருகாது. அறை வாடகைதான் ஏறும்.

கேள்வி: விடுதி, போக்குவரத்து, உணவகம் மூன்றின் வருவாயையும் கூட்டினால் சுற்றுலாவின் பங்கு வந்துவிடாதா? இதற்கென்று தனிக் கணக்கு எதற்கு?

பதில்: உணவகத்தில் சாப்பிடுகிறவர்களில் பத்துக்கு ஏழு பேர் உள்ளூர்க்காரர்களாக இருக்கலாம். துணிக்கடைக்கு வருகிறவர்களில் பத்துக்கு இரண்டு பேர் பயணிகளாக இருக்கலாம். எஃகையும் சிமெண்டையும் பொருளை வைத்துப் பிரித்துவிடலாம். சுற்றுலாவை வாங்குகிறவரை வைத்துத்தான் பிரிக்க முடியும். சுற்றுலாத் துணைக்கணக்கு என்ற முறை இதற்காகவே வந்தது. முதலில் வெளியிட்ட நாடு கனடா, 1994-இல். இப்போது நடப்பில் இருக்கும் பன்னாட்டு வரைமுறை 2008-ஐச் சேர்ந்தது, மொத்தம் பத்து அட்டவணைகள். ஒவ்வொரு பொருளிலும் சேவையிலும் பயணிகள் நுகர்ந்த விகிதத்தை, உற்பத்திப் பக்கத்தோடு ஒட்டிப் பார்ப்பது ஆறாவது அட்டவணை. இந்த முறையின் இதயம் அதுதான்.

கவனிக்க வேண்டிய ஓர் இடம்: பயணி வாங்கும் நினைவுப்பொருள். விலை 100, அதில் 75 இறக்குமதி விலை என்றால், உள்நாட்டில் உருவான மதிப்பு மிஞ்சிய 25-க்கு உள்ளேதான். அதே கடையில் பக்கத்துத் தெருவில் நெய்த துணியை வாங்கினால் கதை வேறு.

கேள்வி: பயணச் சலுகைக் கூப்பன் கொடுத்து அரசுகள் உள்நாட்டுச் சுற்றுலாவை ஊக்குவிக்கின்றன. பலன் உண்டா?

பதில்: உண்டு, சலுகையை எப்படி வடிவமைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து. ஜப்பான் 2020 ஜூலையில் தொடங்கிய ‘கோ டு டிராவல்’ திட்டம் செலவில் பாதி வரை ஏற்றது. ஒருவருக்கு ஓர் இரவுக்கு உச்சவரம்பு 20,000 யென். தொற்று பரவியதால் டிசம்பர் கடைசியில் நாடு முழுக்க நிறுத்திவைக்கப்பட்டது. சதவீதமாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள்: 10,000 யென் அறைக்கு 5,000 சலுகை, 40,000 யென் அறைக்கு 20,000. யாருக்கு உதவி குறைவாகத் தேவையோ அந்த விடுதிக்கே கூட்டம் போகும். ஐஸ்லாந்து அதே ஆண்டில் வயதுவந்த ஒவ்வொருவருக்கும் ஒரே தொகையாக 5,000 குரோனா கொடுத்தது. ஒரே தொகை என்றால் எளிய விடுதிக்கும் வாய்ப்பு கிடைக்கும்.

இன்னொரு பொத்தல், எப்படியும் போகவிருந்தவருக்கே சலுகை போய்ச்சேருவது. அதை முழுக்க அடைக்க முடியாது, குறைக்கலாம். ஜப்பான் 2022 அக்டோபரில் தொடங்கிய அடுத்த திட்டத்தில், செலவுக்கான கூப்பன் வார நாளுக்கு 3,000 யென், விடுமுறை நாளுக்கு 1,000 யென் என்று பிரித்தது. காலியான அறைக்கு ஆள் சேர்ப்பதே இதன் நோக்கம். இன்றிரவு காலியாக இருந்த அறையை நாளைக்கு விற்க முடியாது. நிரம்பி வழியும் நாளுக்குச் சலுகை கொடுப்பது பணத்தை வீணடிப்பது.

கேள்வி: தொடர் விடுமுறை விட்டால் சுற்றுலா வளரும் என்கிறார்கள். அந்த நாள்களில் ஊரே திணறுகிறதே?

பதில்: சீனா 1999-இல் ‘பொன் வாரம்’ என்ற நீண்ட விடுமுறையை இதற்காகவே கொண்டுவந்தது. கூட்டம் ஒரே வாரத்தில் குவிந்ததால், மே மாத நீண்ட விடுமுறையை 2008-இல் சுருக்கி, மூன்று பாரம்பரியத் திருநாள்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. பிரான்ஸ் நாட்டை மூன்று மண்டலங்களாகப் பிரித்து, குளிர்கால, வசந்தகாலப் பள்ளி விடுமுறைகளை வெவ்வேறு வாரங்களில் விடுகிறது. பிரான்ஸின் வழிதான் நல்லது. பத்து நாள் கூட்டத்துக்கென்று தண்ணீர்க் குழாயும் கழிவு வண்டியும் வாங்கினால், மீதி நாளெல்லாம் அவை சும்மா நிற்கும். பயணிகள் கட்டும் வரியில் பெரும்பகுதி மேலே உள்ள அரசுக்குப் போய், குப்பை அள்ளும் செலவு உள்ளாட்சியின் தலையில் விழுந்தால், சுற்றுலாவை முதலில் வெறுப்பது அந்த ஊர் மக்கள்தான்.

கேள்வி: வெளிநாட்டுப் பயணத்துக்குச் சொந்த நாட்டு விமானத்தில் டிக்கெட் எடுத்தால் எந்தக் கணக்கு?

பதில்: உள்நாட்டுச் சுற்றுலாச் செலவு. விமான நிலையத்துக்குப் போன வாடகை வண்டியும் அப்படியே.

கேள்வி: எங்கள் ஊர் வியாபாரிகள் சங்கம் பயணிகளிடம் சொந்தமாகக் கணக்கெடுக்க விரும்புகிறது. எப்படிச் செய்வது?

பதில்: நல்ல முயற்சி. திருவிழா வாரத்தில் மட்டும் எடுத்து 52-ஆல் பெருக்கிவிடாதீர்கள். ஆண்டு முழுக்க, மாதம் இரண்டு வார நாளும் ஒரு வாரக்கடைசி நாளும் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுங்கள். வருகிறவரிடம் கேட்காதீர்கள், செலவு இன்னும் முடிந்திருக்காது. பேருந்து நிலையத்திலும் ரயிலடியிலும் திரும்பிப் போகிறவரிடம் கேளுங்கள்.

முதல் கேள்வி, எந்த ஊர், எத்தனை நாளுக்கு ஒருமுறை இங்கே வருகிறார் என்பது. அன்றாடம் வந்துபோகிறவர் இதிலேயே விலகிவிடுவார். அடுத்து, எத்தனை பேருக்கு ஒரே பணப்பை? நான்கு பேர் குடும்பத்தில் ஒருவர் சொன்ன செலவை ‘தலைக்கு’ என்று எழுதிவிட்டால் கணக்கு நான்கு மடங்கு வீங்கும். பிறகு எத்தனை இரவு, எந்தச் செலவினத்துக்கு எவ்வளவு. வருமுன் இணையத்தில் கட்டியதைத் தனியே எழுதுங்கள், அது முழுதாக உங்கள் ஊருக்கு வந்திருக்காது. இந்த ஊருக்கென்றே வந்தாரா, வழியில் இறங்கினாரா என்றும் கேளுங்கள். வழிப்போக்கரின் செலவில் இங்கே ஆனதை மட்டும் எடுங்கள், முழுப் பயணச் செலவையும் அல்ல.

விடுதிகளில் வைத்துக் கேட்பதானால் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு இரவு தங்குகிற ஒரு குடும்பமும் நான்கு இரவு தங்குகிற ஒரு குடும்பமும் தினமும் புதிதாக ஊருக்கு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். சராசரித் தங்கல் 2.5 இரவு. ஆனால் எந்த இரவில் போய்ப் பார்த்தாலும் ஒரு இரவுக்காரர் ஒரு குடும்பம், முந்தைய நாள்களில் வந்தவர்களும் சேர்ந்து நான்கு இரவுக்காரர் நான்கு குடும்பம் இருப்பார்கள். அப்படியே சராசரி எடுத்தால் 3.4 வரும். தங்கும் இரவுகளால் ஒன்றை வகுத்து வருவதை ஒவ்வொரு படிவத்துக்கும் எடையாகக் கொடுங்கள்: ஒரு இரவுக்கு 1, நான்கு இரவுக்கு 0.25. ஐந்து படிவங்களின் எடையைக் கூட்டினால் 2. ஒவ்வொரு படிவத்தின் இரவுகளையும் அதன் எடையால் பெருக்கிக் கூட்டினால் 5. ஐந்தை இரண்டால் வகுத்தால் 2.5 கிடைத்துவிடும். செலவுக் கணக்குக்கும் அதே எடையைப் போடுங்கள்.