கடல்நீர் பட்ட போனுக்கு வாரண்டி மறுத்தால்

அண்ணா, "தண்ணீர் புகாது" என்ற விளம்பரத்தை நம்பி வாங்கிய போன், காசிமேட்டில் மீன் இறக்கும்போது கடல்நீர் பட்டு நின்றுவிட்டது, வாரண்டி கிடையாது என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். வயிறு எரிகிறது. தண்டையார்பேட்டை சர்வீஸ் சென்டரில் எனக்கும் இதே கதைதான். சிம் தட்டை உருவி, தண்ணீர் பட்டால் சிவக்கும் சின்ன ஸ்டிக்கர் உள்ளே சிவந்திருப்பதைக் காட்டினார்கள். அதோடு பேச்சு முடிந்தது.

போனில் போடும் ஐபி68 என்பது தூசி, தண்ணீர் தாங்குவதற்கான தரக்குறியீடு; அதை நல்ல தண்ணீரில் சோதித்துத்தான் தருகிறார்கள். உப்புத் தண்ணீர் சார்ஜ் போடும் இடத்தை அரித்துவிடும். அதைப் பொடி எழுத்தில் போட்டுவிட்டு, விளம்பரத்தில் போனோடு தண்ணீரில் குதிப்பது நியாயமே இல்லை. கடலிலும் நீச்சல் குளத்திலும் பயன்படுத்தலாம் என்று விளம்பரம் செய்ததற்காக ஆஸ்திரேலியாவில் 2022இல் சாம்சங்குக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது.

சரி, முதலில் மறுத்த காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். ஜாப் ஷீட், அதாவது பழுது விவரம் எழுதித் தரும் சீட்டு, இல்லாமல் நகராதீர்கள். விளம்பரத்தை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். அப்புறம் நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நடக்காவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் மனு. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. கவுண்டரில் இருக்கும் பையனிடம் மட்டும் சத்தம் போடாதீர்கள், அவன் கையில் எதுவும் இல்லை.